முதலிடத்தில் வருபவருக்கு ஏசி அறை

ஸ்ரீனிவாசராகவன் காபி டம்ளரை ணங்கென்று வைத்தார். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம்.

"சித்திரைத் தேருக்குள்ள நான் முதல் இடத்துக்கு வந்துடுவேன்."

"எந்த வரிசையில?" என்றாள் வைஜயந்தி. புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"இன்டர்நெட்ல."

"அங்கேயும் க்யூ உண்டா?"

"உண்டு. உலகத்திலேயே பெரிய க்யூ அதுதான். ஒருத்தன் எதையாவது தேடினா பத்துப் பேரை முதல் பக்கத்துல காட்டும். பாக்கிப் பேரெல்லாம் பின்னாடி. ரெண்டாம் பக்கத்தை எவனும் புரட்டறதில்லை."

"தேவரீர் எந்தப் பக்கத்துல எழுந்தருளியிருக்கேள்?"

"முதல் பக்கம். நாலாவது இடம். இன்னும் மூணு பேரைத் தள்ளணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மூன்று பேரையும் அப்போதே தள்ளியாயிற்று என்கிற மாதிரி.

அவர் கரண்ட் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். கடைசிப் பன்னிரண்டு வருஷம் சூப்பரின்டெண்ட். வேலை, சுற்றறிக்கை எழுதுவது. ரிட்டயர் ஆனபிறகும் கை நிற்கவில்லை. சுற்றறிக்கை அனுப்ப வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவள் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ரகம் இல்லை. ஆகவே வலைத்தளம் தொடங்கினார். பெயர், 'அரங்கத் தளிகை.'

தளிகை என்றால் சமையல். ஸ்ரீரங்கத்து வைஷ்ணவர் வீடுகளில் சமையல் என்று சொல்வதில்லை. பொரியலுக்குக் கறியமுது என்று பேர். பாயசத்துக்குத் திருக்கண்ணமுது. ரசத்துக்குச் சாத்தமுது. மற்ற வீடுகளில் பேச்சுவாக்கில் ஒன்றிரண்டு நழுவும். ஸ்ரீனிவாசராகவன் வீட்டில் நழுவாது. கல்யாணச் சாப்பாட்டில் பரிசாரகன் "ரசம் வேணுமா?" என்று கேட்டால் இவர் காது கேட்காதவர் மாதிரி இருப்பார். இலை காய்ந்தாலும் சரி.

அவருக்குச் சமைக்கத் தெரியாது. அது ஒரு தடையாகவே அவருக்குப் படவில்லை. கம்பத்தில் ஏறத் தெரியாமல்தான் முப்பத்தாறு வருஷம் கம்பத்தைப் பற்றி எழுதினார்.

நோட்டுப் புத்தகத்துடன் சமையல்கட்டு வாசலில் நிற்பார். வைஜயந்தி கால் மணியில் செய்ததை மூன்று நாள் எழுதுவார். சாத்தமுது பற்றிய பக்கம் அவருடைய தலைசிறந்த படைப்பு. 'நீர் என்பது ஐம்பெரும் பூதங்களுள் ஒன்று' என்று ஆரம்பிக்கும். புளி பத்தொன்பதாவது பத்தியில் வரும். உப்பு கடைசிவரை வராது. அந்தப் பக்கத்துக்கு இதுவரை ஒரே ஒரு வாசகர் கடிதம். அதில் ஒரே ஒரு வார்த்தை. "உப்பு?" அதற்கு அவர் அறுநூறு வார்த்தையில் பதில் எழுதினார். அதிலும் உப்பு இல்லை.

"முதல் இடத்துக்கு வந்தா என்ன ஆகும்?" என்றாள் வைஜயந்தி.

"வந்துட்டோம்னு ஆகும்."

"வரலேன்னா?"

"வராமப் போற பேச்சே இல்லை."

"அப்போ பந்தயம் வெச்சுக்கலாமே. ஏசி ரூம்."

ஏசி அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடையவளஞ்சான் தெருவில் இரண்டாம் மாடி ஃப்ளாட். அதற்கு மேலே மொட்டை மாடி. சித்திரையில் வெறுங்காலைத் தரையில் வைத்தால் பரதநாட்டியம் தானாக வரும். வீட்டில் ஏசி ஒன்றுதான். அது கிழக்கு அறையில். கிழக்கு அறையில் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு எதிரில் ஸ்ரீனிவாசராகவன். காலை ஒன்பது மணிக்குக் கதவு சாத்தப்படும். கதவில் ஓர் அட்டை தொங்கும். 'படைப்பு நேரம். அனுமதியின்றி உள்ளே வரலாகாது.'

வைஜயந்தி ஹாலில் இருப்பாள். அங்கே ஒரு மின்விசிறி. அது காற்று ஒன்றும் தருவதில்லை. இருக்கிற அனலை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும்.

"கம்ப்யூட்டருக்கு உஷ்ணம் ஆகாதுடி" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

"எனக்கு ஆகுமாக்கும். வாசல் கதவைத் திறந்து வெச்சுண்டு அடுப்பையும் வெயிலையும் ஒண்ணா சேவிச்சிண்டிருக்கேன். தேர் முடிஞ்சா கத்திரி. இந்தக் கத்திரிக்கு அந்த அறை எனக்கு வேணும். முதல் இடத்துக்கு வந்துட்டேள்னா ஆயுசுக்கும் கேக்க மாட்டேன்."

ஆயுசுக்கும். அந்த வார்த்தை அவரை இழுத்தது. நாலாவது இடத்திலிருந்து முதல் இடம் என்ன தூரம்? பேனாவை எடுத்தார். ஒரு முழு வெள்ளைத்தாளையும் எடுத்தார்.

'பொருள்: ஏசி அறை – அனுபவ உரிமை – தொடர்பாக.'

"தேடப்போறது யாரு?" என்றாள் வைஜயந்தி.

"நானே தேடறேன்."

"நீங்க தேடினா நீங்கதான் வருவேள். எதிராத்து மகாலட்சுமி தேடட்டும். அவ போன்ல."

மகாலட்சுமி எதிர் ஃப்ளாட். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர் பெண். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். பொய் சொல்ல வராது. ஸ்ரீனிவாசராகவன் ஒப்புக்கொண்டார். எழுதினார். 'தேடுபொறி: ஏதேனும் ஒன்று. தேடுபவர்: திருமதி மகாலட்சுமி. நாள்: சித்திரைத் தேர்.'

"எதைத் தேடணும்?"

"நம்மாத்துப் பதார்த்தம் ஒண்ணு. அவ வாயில என்ன வரதோ, அது."

அதையும் எழுதினார். கடைசியாக, 'மேற்படி தளம் முதலிடம் பெறுமாயின் அறை ஸ்ரீனிவாசராகவனுக்கே' என்று எழுதப்போனார். வைஜயந்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"பேரெல்லாம் எதுக்கு? பொதுவாப் போடுங்கோ. 'முதலிடத்தில் வருபவருக்கு ஏசி அறை.' கவர்மென்ட் ஆர்டர் மாதிரி கம்பீரமா இருக்கும்."

இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் சொன்னதிலேயே இதுதான் உருப்படி என்று நினைத்தார். அப்படியே எழுதினார். கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள். படிக்காமல் போட்டாள் என்று அவருக்கு ஒரு சந்தோஷம்.

மறுநாள் மன்னார்புரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே நவ்ஷாத் என்று ஒரு பையன். பையன் என்றால் முப்பது வயசு, ரெண்டு குழந்தை. வலைத்தளங்களை மேலே ஏற்றிவிடுகிற தொழில். அரங்கத் தளிகையை அமைத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

"நாலாவது இடத்துல இருக்கேன். மூணு பேரைத் தள்ளணும். தள்ளு."

நவ்ஷாத் தன் போனில் 'ஸ்ரீரங்கம் சமையல்' என்று தட்டினான். விரலால் தள்ளினான். தள்ளிக்கொண்டே இருந்தான்.

"நாற்பத்தேழு சார்."

"வயசா கேட்டேன்?"

"உங்க இடம் சார். அஞ்சாம் பக்கம்."

"என் கம்ப்யூட்டர்ல நாலுப்பா!"

"வீட்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை தேடுவீங்க?"

"நாற்பது. நாற்பத்தஞ்சு. நிலவரம் தெரிய வேண்டாமா?"

"தேடிட்டு உங்க சைட்டையே தொடுவீங்க."

"பின்னே எதிராளி சைட்டையா தொடுவேன்?"

"அதான் சார். இந்த ஆளுக்கு இதுதான் புடிக்கும்போலன்னு அது கத்துக்கிச்சு. உங்களுக்கு மட்டும் முன்னாடி காட்டுது."

"எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டும்தான் சார்."

ஸ்ரீனிவாசராகவன் நாற்காலியில் சாய்ந்தார். ஆபீஸில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களும் இப்படித்தான் இருந்தார்கள். முகத்துக்கு நேரே ஒன்று, வெளியே போனால் ஒன்று. மிஷினுமா?

"அந்தக் கம்பெனிக்கு ஒரு மனு போட்டா?"

"போட்டுப் பார்த்தீங்களா?"

"போன மாசமே போட்டேன். ரிஜிஸ்டர் தபால். பெறுநர், தேடுபொறி மேலாளர் அவர்கள். அக்னாலட்ஜ்மெண்ட் கார்டு இன்னும் வரலை."

நவ்ஷாத் சிரிக்கவில்லை. நல்ல பையன். டீ சொன்னான்.

"சார், பெரிய சமையல் சைட்டுங்க கம்பெனி மாதிரி நடக்குது. நூறு பேர் உக்காந்து எழுதறான். அவனோட நாம மல்லுக்கட்ட முடியாது. சின்ன சைட்டுக்கு வழி ஒண்ணுதான். ஜனங்க எந்த வார்த்தையில கேக்கறாங்களோ, அதே வார்த்தையில பதில் சொல்லணும். சாத்தமுதுன்னு யார் சார் தேடுவாங்க?"

"தெரிஞ்சவா தேடுவா."

"தெரிஞ்சவங்களுக்குச் செய்யத் தெரியும் சார். தெரியாதவங்கதான் தேடுவாங்க. அவங்க ரசம்னுதான் தேடுவாங்க."

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

"அந்த வார்த்தை என் தளத்துல நுழையாது."

"ஒரே ஒரு இடத்துல சார். ஓரமா."

"ஓரத்துலயும் கூடாது."

"சரி, புளியை முதல் பத்திக்குக் கொண்டு வருவோம். உப்பு எவ்வளவுன்னு ஒரு வரி..."

"பஞ்சபூதத்துல கை வைக்காதே."

"அப்போ ஒண்ணு பண்ணலாம் சார். நல்ல பேர் இருக்கற வேற சைட் ஒண்ணு நம்மளைக் காட்டி லிங்க் குடுத்தா மடமடன்னு ஏறும். எங்க அம்மா சாரா பீவி சமையல் சைட் வெச்சிருக்காங்க. ஆயிரக்கணக்குல பார்க்கறாங்க. செஞ்சு பார்த்துப் புடிச்சிருந்தா லிங்க் குடுப்பாங்க."

"பூண்டு போடுவாளா?"

"போடுவாங்க சார்."

"வேண்டாம்."

நவ்ஷாத் கையைக் கட்டிக்கொண்டான். சொல்ல இனி ஒன்றும் பாக்கியில்லை. ஸ்ரீனிவாசராகவன் சட்டைப் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். சங்கடம் வந்தால் ஃபைலைப் படிப்பது அவர் வழக்கம். படித்தார். 'தேடுபொறி: ஏதேனும் ஒன்று.' கண் அங்கேயே நின்றது.

"தேடறதுக்கு வேற கம்பெனி இருக்கா?"

"நாலஞ்சு இருக்கு சார். ஆனா அந்தக் கடைங்க பக்கம் ஜனங்க அவ்வளவா போறதில்லை."

"யாரும் போகாத கடையா? அதான் வேணும். போட்டுப் பாரு."

பார்த்தான். ஒரு சின்னக் கடையில், 'ஸ்ரீரங்கம் சமையல்' என்றால் முப்பத்தொன்று. 'ரசம்' என்றால் அரங்கத் தளிகையைக் காணவே இல்லை. 'சாத்தமுது' என்று தட்டினான்.

"சார்! முதல் இடம்!"

"வேற யார் இருக்கா?"

"போட்டிக்கு ஆளே இல்லை சார்."

ஸ்ரீனிவாசராகவன் டீயை முழுவதும் குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் திட்டம் தயாராகிவிட்டது. வேலை இரண்டே. ஒன்று, மகாலட்சுமியின் போன் அந்தச் சின்னக் கடையில் தேட வேண்டும். இரண்டு, மகாலட்சுமியின் வாய் சாத்தமுது என்று சொல்ல வேண்டும். காவிரிப் பாலம் தாண்டும்போது தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

முதல் வேலை சுலபமாக முடிந்தது.

"மகாலட்சுமி, போன் மெதுவா இருக்குன்னு சொன்னியாமே."

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே மாமா."

"சொல்லுவே. குடு."

நவ்ஷாத் சொல்லிக்கொடுத்தபடி நாலு இடத்தில் அழுத்தினார். திருப்பிக் கொடுத்தார்.

"தேடற இடத்துல கலர் மாறிப்போச்சே மாமா?"

"அதான் வேகம்."

இரண்டாவது வேலை மறுநாள் மூன்று மணிக்கு ஆரம்பமாயிற்று. அவர் சமையல்கட்டுக்குள் நுழைந்தார். வைஜயந்தி விலகி வழிவிட்டாள். தீப்பிடித்துவிட்டதோ என்று ஒருகணம் பார்த்தாள். அவர் ஒரு டம்ளரில் சாத்தமுதை ஊற்றினார். மேடையிலும் கொஞ்சம் ஊற்றினார்.

"எங்கே எடுத்துண்டு போறேள்?"

"எதிராத்துக்கு. பாவம், அந்தப் பொண்ணு தனியா தைச்சிண்டிருக்கு."

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு ஸ்பூனைக்கூட இங்கேருந்து அங்கே நகர்த்தினதில்லை. இன்னிக்கு என்ன புதுசா கைங்கர்யம்?"

"தேர் வரதோன்னோ."

தேருக்கும் டம்ளருக்கும் என்ன சம்பந்தம் என்று வைஜயந்தி கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டால் கவனிக்க வேண்டும். ஸ்ரீனிவாசராகவன் கவனிக்கவில்லை. டம்ளர் சிந்தாமல் போவதில் கவனமாக இருந்தார்.

"ரசமா மாமா? வாசனை தூக்குதே!"

"ரசம் இல்லை. சாத்தமுது."

"சாத்து..."

"சாத்தமுது."

"கதவைச் சாத்தற மாதிரியா மாமா?"

"எப்படியோ. சொல்லு."

முதல் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் பாதி வந்தது. ஐந்தாம் நாள் டம்ளரைப் பார்த்ததுமே "சாத்தமுது வந்துடுச்சு!" என்று தையல் மிஷினை நிறுத்தினாள். ஸ்ரீனிவாசராகவனுக்குக் கண் கலங்கியது. மிளகுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டார். தினமும் மூன்று மணி. தவறவில்லை. ஆபீஸுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

பத்தாம் நாள் மகாலட்சுமி கேட்டாள்.

"இது எப்படி வைக்கறது மாமா?"

"என் தளத்துல எழுதியிருக்கேனே. படி."

"படிச்சேங்க மாமா. பஞ்சபூதம் வரைக்கும் வந்தேன். நல்லா தூக்கம் வந்துடுச்சு. மாமியைக் கேட்டுக்கறேன்."

"கேட்டுக்கோ, கேட்டுக்கோ" என்றார். பெருந்தன்மை. அவருக்கு வேண்டியது வார்த்தைதானே.

அந்த நாட்களில் வைஜயந்தி போனில் அதிகம் பேசினாள். ஹாலிலிருந்து சத்தம் கேட்கும். "கொதிக்கவே விடப்படாது... நுரைச்சு மேல வரணும், அப்போ இறக்கிடணும்... போட்டுக்கோங்கோ, உங்க வழக்கம் அது." ஒருநாள் ஏசி அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து கேட்டார்.

"யாரோட அரட்டை?"

"ஒரு சிநேகிதி. மன்னார்புரத்துல இருக்கா. நன்னா சமைப்பா."

மன்னார்புரம் என்ற பேர் காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. ஏசி காற்று வெளியே போகிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தேர் நாள் வந்தது. விடிவதற்குள் சுற்றுவட்டாரக் கிராமமெல்லாம் சித்திரை வீதியில் இருந்தது. மண்ணச்சநல்லூர் ஜனம் பாதி மகாலட்சுமி வீட்டில் செருப்பை விட்டிருந்தது. வைஜயந்தி வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஸ்ரீனிவாசராகவன் இரண்டு கையாலும் பிடித்து நிஜமாகவே இழுத்தார். வேண்டுதல் அப்படி. நம்பெருமாள் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. இவர்கள் வியர்வையில் நனைந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஹாலில் மூன்று பேர். மேஜைமேல் ஒப்பந்தம். மகாலட்சுமி கையில் போன். மின்விசிறி அனலைப் பங்கிட்டுக்கொண்டிருந்தது.

"யாரும் எதுவும் சொல்லப்படாது" என்றாள் வைஜயந்தி. "மகாலட்சுமி, எங்காத்துப் பதார்த்தம்னா உனக்கு எது ஞாபகம் வரதோ, அதைத் தேடு."

ஸ்ரீனிவாசராகவன் கூரையைப் பார்த்தார். மூச்சு விடவில்லை.

"வேற என்ன மாமி. சாத்தமுதுதான்."

மூச்சு விட்டார். எழுந்து நின்றார். நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார், இம்முறை கால்மேல் கால் போட்டு.

"வைஜயந்தி, அந்த ஏசிக்கு ரிமோட் ஒண்ணுதான் இருக்கு. அது என் மேஜையிலயே இருக்கட்டும். ஆயுசுக்கும்."

"இருக்கட்டும்" என்றாள். "முதல்ல யாருன்னு படிம்மா."

"வைஜயந்தி அடுப்பு."

ஸ்ரீனிவாசராகவன் மேலே போட்ட காலை இறக்கினார்.

"என்ன அடுப்பு?"

"வைஜயந்தி அடுப்பு, மாமா. அதுதான் சைட்டு பேரு. 'சாத்தமுது – ரசம் என்றும் சொல்லலாம்.'"

"சொல்லப்படாது!" என்று கத்தினார் ஸ்ரீனிவாசராகவன். முதலில் அதுதான் வந்தது. பந்தயம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "ரெண்டாவது யாரு?"

"நீங்கதான் மாமா. 'நீர் என்பது ஐம்பெரும்...'"

போனைப் பிடுங்கினார். மாற்றி வைத்த சின்னக் கடைதான். அதே கலர். சந்தேகமே இல்லை. முதல் இடத்தில் அவள். தொட்டார். திறந்தது. பதினோரு வரி. புளி முதல் வரியில். உப்பு இரண்டாவது வரியில், ஒரு ஸ்பூன், தலைதட்டி. எட்டாவது வரியில், 'பூண்டு வழக்கம் உள்ளவர்கள் தட்டிப் போட்டுக்கொள்ளலாம்.' அந்த வரியை விரலால் சட்டென்று மேலே தள்ளினார். கடைசியில் ஒரு குறிப்பு.

'இந்தச் சாத்தமுதை என் அகத்துக்காரர் தினமும் மூணு மணிக்கு டம்ளரில் எடுத்துண்டு போய் எதிராத்துப் பெண்ணுக்குப் பேர் சொல்லிக் கொடுக்கிறார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் சமையல்கட்டிலிருந்து அவர் தூக்கிய முதல் பாத்திரம். அவ்வளவு ருசி.'

அதற்குக் கீழே வாசகர் கடிதங்கள். முன்னூற்றுச் சொச்சம். 'எங்க வீட்டுக்காரரையும் தூக்க வைக்கணும். பருப்புத் தண்ணி எவ்வளவு மாமி?' 'அந்த மாமா இன்னிக்கும் போனாரா?' 'டம்ளரா சொம்பா?'

"மகாலட்சுமி, போனை யாராவது மாத்தினாளா?"

"நீங்கதான் மாத்துனீங்க மாமா. அன்னிக்கே மாமிகிட்ட காட்டுனேன். அப்படியே இருக்கட்டும், மாமா ஆசையா மாத்தியிருக்கார்னு சொல்லிட்டாங்க."

ஸ்ரீனிவாசராகவன் தன் போனை எடுத்து மன்னார்புரத்துக்கு அடித்தார்.

"நவ்ஷாத்! என்னப்பா இது துரோகம்?"

"துரோகமெல்லாம் இல்லீங்க சார். உப்பைப் பத்தி ஒரு தடவை கேட்டுடலாம்னு உங்களுக்குப் போன் பண்ணேன். நாலு நாள் எடுக்கலை."

"படைப்பு நேரத்துல எடுக்க மாட்டேன்."

"அதான் வீட்டு நம்பர்ல மாமிக்குப் பண்ணேன். உப்பு எவ்வளவுன்னு மாமி சொன்னாங்க. அப்புறம் சார் வேற என்னென்ன வேண்டாம்னாருன்னு கேட்டாங்க. சொன்னேன். நீங்க வேண்டாம்னதெல்லாம் அப்படியே மிச்சம் இருந்துச்சு சார். மாமி மொத்தத்தையும் எடுத்துக்கிட்டு ஒரு சைட் போடச் சொன்னாங்க."

"லிங்க்?"

"எங்க அம்மா செஞ்சு பார்த்தாங்க. அந்த டம்ளர் மேட்டரைப் படிச்சுட்டு ஒரு நாள் பூரா சிரிச்சாங்க. லிங்க் குடுத்தாங்க. அதைப் பார்த்து இன்னும் இருபது பேர் குடுத்தாங்க."

"சரிடா, அது பெரிய கம்பெனில. இந்தச் சின்னக் கடையில போட்டிக்கே ஆளில்லைன்னியே!"

"அப்போ இல்லை சார்" என்றான் நவ்ஷாத். "இப்போ மாமி இருக்காங்க."

போனை வைத்தார். பிறகு சூப்பரின்டெண்ட் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"பந்தயம் என் தளத்தைப் பத்தித்தான். நான் முதலா வரலை, சரி. அதுக்காக நீ ஜெயிச்சதா ஆகாது. விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு."

வைஜயந்தி ஒப்பந்தத்தை எடுத்தாள். படிக்காமல் கையெழுத்துப் போட்டவள், நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"'முதலிடத்தில் வருபவருக்கு ஏசி அறை.' கம்பீரமா இருக்கு. யார் எழுதினது?"

கீழே அவருடைய கையெழுத்து. முழுக் கையெழுத்து. தேதியோடு.

மகாலட்சுமி மெதுவாக எழுந்தாள். "நான் வரேங்க மாமி. மாமா, மூணு மணிக்கு வருவீங்கல்ல?"

கத்திரி பிறந்தது. கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்தது. உஷ்ணம் அதை ஒன்றும் செய்யவில்லை. அது ஒரு விதத்தில் அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. கிழக்கு அறைக் கதவு காலை ஒன்பதுக்குச் சாத்திக்கொண்டது. அட்டையை மட்டும் அவள் கழற்றவில்லை. 'படைப்பு நேரம். அனுமதியின்றி உள்ளே வரலாகாது.' கையெழுத்து அவருடையது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் பன்னிரண்டரை. கதவிடுக்கில் ஒரு இழை குளிர்ச்சி வந்தது. அவர் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். போதவில்லை. பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தார். அது வெந்நீர். நீர் ஐம்பெரும் பூதங்களுள் ஒன்று என்பது ஞாபகம் வந்தது. கோபம்தான் வந்தது.

கடைசியில் பெரிய கம்பெனியிலேயே தேடினார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

'ஏசி இல்லாமல் வெயிலைத் தாங்குவது எப்படி?'

முதல் இடத்தில் வந்தது.

'வைஜயந்தி அடுப்பு – நீர்மோர். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதியது. மோர் மேடைமேல் மூடி வைத்திருக்கிறது. கதவைத் தட்ட வேண்டாம்.'